நாலாம் நம்பரில் மட்டும் வீசும் காற்று

ஸ்காபரோ,
தை மாதம், வெளியே சைபருக்குக் கீழே 18.

அன்புள்ள மாமாவுக்கு,

பனி கொட்டுகிற நாட்டில் காருக்குள் விசிறி என்னத்துக்கு, அதைவிட ஏசி என்னத்துக்கு, காசு கூடிப்போய்ச் செய்கிற விண்ணாணமா என்று கேட்டிருந்தீர்கள். நியாயமான கேள்விதான், ஆனால் ஒற்றை வரியில் பதில் எழுத ஏலாது. பெற்றோல் எரிந்து வருகிற சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு, எஞ்சினைக் குளிர்விக்கிற தண்ணீரோடு போய்விடுகிறது. உங்கே அது ரேடியேற்றர் வழியாக வெளியேறி, கொளுத்துகிற வெயிலுக்கு இன்னும் கொஞ்சம் வெயில் சேர்க்கும். இங்கே அந்தச் சுடுதண்ணீரில் ஒரு பகுதியை டாஷ்போட்டுக்குள் இருக்கிற ஒரு குட்டி ரேடியேற்றருக்குத் திருப்பி விடுகிறார்கள். ஹீற்றர் என்பது அவ்வளவுதான். ராத்திரி மிஞ்சின சோற்றில் விடியப்புறம் பழஞ்சோறு கரைத்துக் குடிக்கிற மாதிரி. ஆனால் அந்தச் சூட்டை ஆளிடம் கொண்டுவந்து சேர்க்கிறது விசிறி. அது நின்றுபோனால் குட்டி ரேடியேற்றர் உள்ளே தனியாகக் குளிர் காய்ந்துகொண்டிருக்கும், நாங்கள் இருக்கையில் இருந்து உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருப்போம்.

கை விறைப்பதைக்கூடப் பொறுக்கலாம், கண்ணாடியில் புகார் படிவதைப் பொறுக்க முடியாது. நாலு பேர் ஏறி, எங்கள் ஆக்கள் என்றபடியால் நாலு பேரும் ஒரே நேரத்தில் கதைத்து, சப்பாத்தில் ஒட்டின பனியும் உருகத் தொடங்கினால், அவ்வளவு ஈரமும் குளிர்ந்த முன்கண்ணாடியில் போய்ப் படியும். றோட்டுத் தெரியாது. இதனால்தான் முன்கண்ணாடியின் உறைபனியையும் புகாரையும் நீக்குகிற ஏற்பாடு காரில் இருக்கவேண்டும் என்று கனடாவின் வாகனப் பாதுகாப்புத் தரத்தில் 103ஆம் இலக்கமே தனியாக இருக்கிறது. ஏசி இங்கேதான் வருகிறது. அது காற்றைக் குளிர வைப்பதோடு, காற்றில் இருக்கிற ஈரத்தையும் தண்ணீராக்கி வெளியே சொட்ட விடும். ஆகவே கண்ணாடிக்குக் காற்று விடுகிற பொத்தானை அமத்தினால் அநேகமான கார்களில் சொல்லாமல் கொள்ளாமல் ஏசியும் ஓடத் தொடங்கும். முதலில் காற்றை ஏசி உலர்த்தும், பிறகு ஹீற்றர் சூடாக்கும், விசிறி கொண்டுபோய்க் கண்ணாடியில் அடிக்கும். ஒரே காற்றைக் குளிரவைத்துச் சுடவைக்கிறதைப் பார்த்தால் விசர் வேலை போலத்தான் இருக்கும். வெளியே சைபரை நெருங்கினால் ஏசியின் கொம்பிரெசர் பெரும்பாலும் தானாக நின்றுவிடும். அவ்வளவு குளிர்ந்த காற்றில் ஈரமே மிகக் கொஞ்சம், வெளிக்காற்றை உள்ளே எடுத்தாலே காணும். உள்காற்றையே திரும்பத் திரும்பச் சுற்றவிடுகிற பொத்தானை அமத்தி வைத்திருப்பவர்கள்தான் தாங்கள் விட்ட மூச்சைத் தாங்களே கண்ணாடியில் வாசித்துக்கொண்டு போகிறார்கள்.

இப்படி முக்கியமான விசிறிக்கு வருகிற வருத்தங்களில் மிகச் சாதாரணமானது ஒன்று உண்டு. ஒன்றில் வைத்தால் வீசாது, இரண்டில் வீசாது, மூன்றில் வீசாது. நாலில் வைத்தால் கச்சான் காற்று மாதிரி முகத்தில் வந்து அடிக்கும். இதைத் திருத்துகிற விதத்தில்தான் இந்த நாட்டோடு எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. எரிந்துபோன சாமானைக் கழற்றிப் புதியதைப் பூட்டுவதை இங்கே திருத்துதல் என்கிறார்கள். அது ஏன் எரிந்தது என்று கேட்பதில்லை. என் கட்சி என்னவென்றால், காரில் எரிந்து கிடக்கிற சாமான் அநேகமாக ஒரு பிணம். பிணத்தைத் தூக்கிவிட்டு அந்த இடத்தில் இன்னொரு ஆளை இருத்தினால் கொலைகாரன் ஊரை விட்டுப் போய்விடமாட்டான்.

விளக்குகிறேன். விசிறியின் மோட்டர் பெரும்பாலும் முன்னால் இருக்கிற பயணியின் கால்மாட்டில், கையுறைப் பெட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். அணில் ஓடுகிற கூட்டுச் சக்கரம் மாதிரி ஒரு பிளாஸ்ரிக் உருளையை அது சுழற்றும். முழு வேகத்தில் 12 வோல்ற்றில் 20 அம்பியர் வரை இழுக்கக்கூடிய மோட்டர் அது, அதாவது 240 வாட். உங்கள் விறாந்தையில் சுழல்கிற கூரை விசிறி ஏறக்குறைய 75 வாட் என்று வைத்தால், மூன்று கூரை விசிறியை மடக்கி ஒரு பனங்குட்டானுக்குள் வைத்த மாதிரி. வேகத்தைக் குறைக்க, பழைய முறையில், மோட்டருக்குப் போகிற மின்சாரத்தின் வழியில் ரெசிஸ்ரர் என்கிற கம்பிச் சுருள்களை வைக்கிறார்கள். ஒன்றாம் நம்பரில் மின்சாரம் எல்லாச் சுருளுக்குள்ளாலும் நெரிபட்டுப் போகும், மூன்றில் ஒன்றுக்குள்ளால் மட்டும், நாலில் சுருள் எதையும் தொடாமல் நேரே போகும். நாலு மட்டும் வேலை செய்தால் ரெசிஸ்ரர் போய்விட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக் காரணம் இதுதான். அதற்குள்ளே சூடு மிஞ்சினால் தானே அறுந்து உயிர் விடுகிற ஒரு சின்ன பியூசும் இருக்கும். அநேகமாக அதுதான் அறுந்திருக்கும். இதுவரை எனக்கும் கராச்காரர்களுக்கும் சண்டை இல்லை.

சண்டை அடுத்த கேள்வியில் தொடங்குகிறது: அந்தச் சூடு ஏன் மிஞ்சியது? மோட்டருக்குக் கொடுக்காமல் தடுத்த மின்சாரம் முழுவதும் ரெசிஸ்ரரில் சூடாகத்தான் மாறவேண்டும். அதைச் செய்தவர்களுக்கு இது தெரியும். அதனால்தான் ரெசிஸ்ரரை விசிறியின் காற்று பாய்கிற பாதைக்குள்ளேயே பதித்து வைத்தார்கள். அதாவது விசிறி வீசுகிற காற்றில்தான் விசிறியின் ரெசிஸ்ரர் உயிர் பிழைக்கிறது. காற்றை அடைத்தால் அது கருகும். அடைக்கிறது யார்? முன்கண்ணாடியின் அடியில் வெளிக்காற்றை எடுக்கிற ஒரு சல்லடை இருக்கிறது. இலையுதிர் காலத்தில் இந்த நாட்டின் கொடியில் மரியாதையாக இருக்கவேண்டிய மேப்பிள் இலை அதற்குள்ளால் இறங்கிப் பில்ரரில் படுத்துவிடும். பனிக்காலம் தொடங்க, வாடகை இல்லாத வீடு தேடுகிற எலி, அந்த இலையையும் பஞ்சையும் கொண்டு அங்கேயே குடும்பம் நடத்தும். பில்ரர் ஒன்றின் விலை 20, 30 டொலர். 20,000 கிலோமீற்றருக்கு ஒரு முறையாவது மாற்றவேண்டிய பொருள். தன் காரில் அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் காரை விற்றுவிடுகிறவர்கள் ஏராளம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு, உங்களுக்குப் பிடிக்கும். பில்ரர் அடைபட்டால் மோட்டர் கஷ்டப்படும் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். உண்மையில் தள்ளுவதற்குக் காற்று இல்லாததால் இந்த வகை விசிறிக்கு வேலை குறையும், மின்சாரமும் கொஞ்சம் குறைவாகவே போகும். முதலாளி சும்மா இருக்க, பக்கத்தில் நிற்கிற ரெசிஸ்ரர்தான் குளிர்ச்சி இல்லாமல் வேகும்.

இரண்டாவது சந்தேக நபர் மோட்டரேதான். தண்ணீர் ஒழுகி அச்சுத் துருப்பிடித்தாலோ, எண்ணெய் காய்ந்து இறுகினாலோ அது மெதுவாகச் சுற்றும், ஆனால் மின்சாரத்தைக் கூடுதலாக இழுக்கும். மின்சாரம் ஐந்தில் ஒரு பங்கு கூடினால் ரெசிஸ்ரரில் சூடு ஐந்தில் ஒரு பங்கு கூடுவதில்லை, வர்க்கக் கணக்கில் 44 வீதம் கூடும். இதைச் சோதிக்க ஒரு கருவியும் வேண்டாம். வயரைக் கழற்றிவிட்டு உருளையை விரலால் ஒரு சுண்டு சுண்டினால், நல்ல மோட்டர் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நிற்கும், இறுகினது உடனே நின்றுவிடும். மூன்றாவது ஆள் ஆகவும் பொல்லாதவன்: வயர் போய்ப் பூட்டுகிற பிளாஸ்ரிக் பிளக். அதன் ஊசி தளர்ந்து ஒரு ஓமில் பத்தில் ஒரு பங்கு தடை வந்துவிட்டது என்று வையுங்கள். 20 அம்பியர் போகும்போது அந்த ஊசி முனையில் 40 வாட் சூடு பிறக்கும். ரேடியோ திருத்துகிறவரின் ஈயம் உருக்குகிற கோலில் இருப்பதும் அதே அளவு சூடுதான். பிளக் உருகி, மஞ்சளாகி, கறுத்துப்போகும். அந்தக் கறுத்த பிளக்கிலேயே புது ரெசிஸ்ரரைப் பூட்டி அனுப்பினால், மூன்றாம் மாதம் அதே கார் அதே கராச் வாசலில் வந்து நிற்பதில் என்ன அதிசயம்? புதுச் சாமானின் தரம் சரியில்லை என்று சீனாவைத் திட்டிவிட்டு இன்னொன்றைப் பூட்டுவார்கள்.

ரெசிஸ்ரரைப் போலவே மற்றப் பிழைகளும் கேட்கிற காதுக்குத் தாங்களாகவே வாக்குமூலம் கொடுக்கும். ஒன்று முதல் மூன்று வரை வீசி, நாலில் மட்டும் நின்றால், நாலுக்கென்று தனியாகப் போகிற பாதையில், றிலேயிலோ சுவிச்சிலோ, குற்றம். ஒரு நம்பரிலும் வீசாவிட்டால் பியூசில் தொடங்கி மோட்டரின் மண் வயர் வரை பார்க்கவேண்டும். மோட்டரின் முதுகில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினதும் சுற்றத் தொடங்கினால், உள்ளே தேய்கிற கரித்துண்டு முடிந்துபோய்விட்டது என்று பெரும்பாலும் நம்பலாம். டிக் டிக் என்றால் உருளைக்குள் இலை. காலையில் மட்டும் குருவி கத்தினால் அச்சு. விசிறி இரைகிறது, காற்று மட்டும் வரவில்லை என்றால் பில்ரர். கோடையில் முதல் அரை மணி நேரம் நல்ல காற்று வந்து பிறகு மெல்ல மெல்லக் குறைந்து, ஏசியை நிறுத்தி வைத்தால் திரும்பவும் வருகிறது என்றால், உள்ளே குளிர்விக்கிற தகடு பனிக்கட்டி பிடித்துவிட்டது. அதற்கும் ஒரு காரணம் காற்றோட்டம் குறைந்ததுதான். இந்த இடத்தில்தான் உங்கேயும் இங்கேயும் ஒரே வார்த்தை சொல்லுவார்கள்: காஸ் முடிந்துபோச்சு, காஸ் அடிக்கவேணும். ஏசி வாயு பெற்றோல் மாதிரிச் செலவழிகிற பொருளே இல்லை. அடைத்த குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ ஒழுகுகிறது. பழைய ஆர்-12 வாயு ஓசோனைத் தின்கிறது என்று 1987இல் இந்த நாட்டின் மொன்றியல் நகரத்தில்தான் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன, அதன் பிறகுதான் கார்களுக்கு ஆர்-134ஏ வந்தது. அந்த ஊர்க்காரரே ஒழுக்கைத் தேடாமல் வருடத்துக்கு வருடம் காஸ் அடிப்பது பகிடியாக இருக்கிறது.

விசிறி நிரபராதியாக இருந்தும் பழி சுமக்கிற வழக்குகளும் உண்டு. காற்று நன்றாக வருகிறது, ஆனால் குளிராக வருகிறது என்றால் விசிறியை விட்டுவிட்டு எஞ்சின் பக்கம் போகவேண்டும். குட்டி ரேடியேற்றருக்கு இரண்டு ரப்பர்க் குழாய்கள் போகின்றன. எஞ்சின் சூடான பிறகு, சுழல்கிற பெல்ற்றில் கை படாமல், அந்த இரண்டையும் மெதுவாகத் தொட்டுப் பார்த்தால் அரைவாசி வழக்கு முடியும். இரண்டும் சுட்டால் சூடு வாசல் வரை வந்துவிட்டது. உள்ளே சூட்டுக் காற்றையும் குளிர்க் காற்றையும் கலக்கிற சின்னக் கதவு திரும்பவில்லை. அந்தக் கதவை அசைக்கிற பல்லுச்சக்கரம் உடைந்தால் டாஷ்போட்டுக்குள் பல்லி மாதிரி டக் டக் என்று சொல்லிக்கொண்டிருக்கும், பலன் பார்க்கத் தேவையில்லை. ஒன்று சுட்டு மற்றது குளிர்ந்தால் குட்டி ரேடியேற்றர் அடைபட்டிருக்கிறது. இரண்டும் வெதுவெதுப்பாக இருந்தால் தண்ணீர் குறைந்திருக்கும், அல்லது 80, 90 பாகைச் சூட்டில் திறக்கவேண்டிய தேர்மோஸ்ரற் வாய் மூடாமல் கிடக்கும். தண்ணீரைப் பார்க்கிறேன் என்று சுடுகிற எஞ்சினில் மூடியைத் திறக்கக் கூடாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை. இன்னொன்று, தானியங்கி முறை உள்ள கார்களில் தண்ணீர் சூடாகும்வரை விசிறி வேண்டுமென்றே அடங்கிக் கிடக்கும். குளிர்காற்றை முகத்தில் அடிக்கக் கூடாது என்கிற நல்லெண்ணம். அதையும் பிழை என்று கராச்சுக்குக் கொண்டுபோகிறவர்கள் இருக்கிறார்கள்.

காரணத்தைத் தேடு என்கிற என் கட்சிக்கு மறுப்புச் சொல்லுகிறவர்களின் பேச்சிலும் நியாயம் இல்லாமலில்லை. முதல் மறுப்புக் காசு. இங்கே கராச்சில் ஒரு மணி நேரக் கூலி 100 டொலருக்கு மேல். ரெசிஸ்ரரோ மலிவான சாமான், கால் மணி நேரத்தில் பூட்டலாம். காரணம் தேடி ஒரு மணி நேரம் குனிந்து கிடந்தால் தேடின கூலி சாமானின் விலையைத் தாண்டிவிடும், ஆகவே பூட்டிவிட்டுப் பார்ப்பதே புத்தி என்பார்கள். மூளைக்குள் செய்கிற ஆபரேஷனைப் பற்றிக் கதைத்தால் இந்தக் கணக்கு சரி. ஆனால் நான் மேலே சொன்ன மூன்று சோதனைகளும் ரெசிஸ்ரரைக் கழற்றுகிற அதே குனிவில் செய்யக்கூடியவை. பில்ரர் பக்கத்தில்தான் இருக்கிறது, இழுத்தால் வரும். உருளையைச் சுண்டுகிறது ஒரு விரல் வேலை. பிளக்கின் நிறத்தைக் கண்ணே சொல்லும். எல்லாம் சேர்த்து ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறவர் அடுத்த மூன்றாம் மாதம் இன்னொரு கால் மணி நேரக் கூலிக்கு விதை போடுகிறார். விதை போட்டது தெரிந்தா தெரியாமலா என்பதை நான் ஆராய வரவில்லை. ஒன்றை ஒத்துக்கொள்ளவேண்டும்: 15 வருடம் ஓடித் தேய்ந்த மோட்டர் நின்றால் அதற்குப் பின்னால் மர்மம் ஒன்றும் இல்லை. கிழடு. மாற்றவேண்டியதுதான்.

இரண்டாவது மறுப்பு, இந்தக் காலத்தில் காரே தன் வருத்தத்தைச் சொல்லும், கொம்பியூட்டரைப் பூட்டினால் பிழையின் இலக்கம் வரும், விரலால் சுண்டுகிறதெல்லாம் ஊர் வைத்தியம் என்பது. அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு மாதிரியிலிருந்து எல்லாக் கார்களிலும் கட்டாயமாக்கப்பட்ட அந்த ஏற்பாடு முதன்மையாகப் புகைக் கட்டுப்பாட்டுக்காக வந்தது. எஞ்சின் எவ்வளவு நஞ்சைக் கக்குகிறது என்பதே அதன் கவலை, உங்கள் கால் விறைக்கிறதா என்பது அல்ல. தேர்மோஸ்ரற் வாய் பிளந்து கிடந்தால் எஞ்சின் சூடாகாமல் புகை கூடும், அதனால் பி0128 என்று இலக்கம் போட்டுச் சொல்லும். அதில் அது கெட்டிக்காரன், மறுக்கமாட்டேன். ஆனால் திருகி வேகம் மாற்றுகிற சாதாரண விசிறியின் ரெசிஸ்ரருக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இருக்காது. தானியங்கி ஏசி உள்ள கார்கள் விசிறியைப் பற்றியும் இலக்கம் சொல்லக்கூடும். ஆனால் விசிறி ஓடவில்லை என்று சொல்லுமே ஒழிய, எலி குடியிருக்கிறது என்று சொல்லாது. புது முறையில் ரெசிஸ்ரருக்குப் பதில் மின்சாரத்தை நொடிக்குப் பல ஆயிரம் தடவை விட்டு விட்டுக் கொடுக்கிற ஒரு ரான்சிஸ்ரர்ப் பெட்டி இருக்கிறது. விலை பல மடங்கு. அதன் அலுமினியச் செட்டைகளும் அதே காற்றுப் பாதைக்குள்தான் நீட்டிக்கொண்டிருக்கின்றன, அதே இலை அடைத்தால் அதுவும் அதே மாதிரித்தான் வேகும். மின்சாரக் கார் வந்தால் எல்லாம் மாறிவிடும் என்பார்கள். அதில் வீணாகிற எஞ்சின் சூடு இல்லாததால் பற்றரியிலிருந்தே சூடு செய்யவேண்டும், அதனால் பனிக்காலத்தில் போகிற தூரம் குறையும். ஆனால் அதற்கும் விசிறி உண்டு, பில்ரர் உண்டு, மேப்பிள் மரமும் வெட்டப்படவில்லை.

மூன்றாவது மறுப்பு உங்களுடையதாக இருக்கும் என்று எனக்குத் தெரியும். பொருளாதாரத் தடை நாளில் சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் பண்ணி மண்ணெண்ணெயில் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஓட்டின யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு, சைக்கிள் டைனமோவை மிதித்து ரேடியோ கேட்டவர்களுக்கு, ஒரு விசிறி பெரிய காரியமா, ரெசிஸ்ரரைத் தூக்கி எறிந்துவிட்டு ஒரு வயரை நேரே முறுக்கிவிட்டால் காணுமே, பியூஸ் போனால் சிகரெட் பெட்டித் தாளைச் சுற்றினால் காணுமே என்பீர்கள். மாமா, அந்த நாளில் கார் ஓடினதற்குக் காரணம் துணிச்சல் மட்டும் இல்லை. மண்ணெண்ணெய் சூடான எஞ்சினில்தான் எரியும், குளிர்ந்த எஞ்சினில் எரியாது என்று காரணம் கண்டுபிடித்தபடியால்தான் முதலில் அந்தச் சொட்டுப் பெற்றோல். சாமானே கிடைக்காத ஊரில் காரணம் தேடாமல் ஒரு நாளும் தள்ள முடியாது. இங்கே சாமான் மூலைக்கு மூலை விற்கிறது, அதனால் தேடுகிற பழக்கம் விட்டுப்போய்விட்டது. ஆகவே நீங்கள் என் கட்சிதான், சிகரெட் தாளில் மட்டும் எதிர்க்கட்சி. 30 அம்பியர் பியூஸ் போட்டிருப்பது அந்த வயர் அதற்கு மேல் தாங்காது என்பதற்காக. தாளைச் சுற்றினால் பியூஸ் எரியாது, டாஷ்போட் எரியும். வெளியே சைபருக்குக் கீழே 18 என்றாலும் அப்படிக் குளிர் காய விருப்பமில்லை.

மச்சான் வைகாசியில் வந்து இறங்கினதும் பழைய கார் ஒன்று வாங்கவேணும் என்று நிற்பான் என்று எழுதியிருந்தீர்கள். பெயின்ற்றையும் பாட்டுப் பெட்டியையும் பார்க்க முதல் விசிறியை ஒன்றில் வைத்து, இரண்டில், மூன்றில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கையுறைப் பெட்டியைத் திறந்து பின்னால் இருக்கிற பில்ரரையும் ஒருக்கா இழுத்துப் பார்க்கட்டும். எலி இருந்தால் விலையில் ஒரு 200 டொலராவது குறைக்கலாம், எலியோடு சேர்த்து வாங்கத் தேவையில்லை. வைகாசி வெயிலில் விற்கிறவர் இனிமையாகச் சிரித்துக்கொண்டு, "தம்பி, நாலில் போட்டுப் பாருங்கோ, என்ன மாதிரிக் காற்று!" என்று தானே திருகிக் காட்டினால், திறப்பை மேசையில் வைத்துவிட்டு அடுத்த காரைப் பார்க்கட்டும்.

மாமியைக் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
உங்கள் மருமகன்